முகக்கவசம் வந்தது, ஆள் எப்போது வரும்? சங்கத் தகவல்களும் நம் கேள்விகளும்

மூன்றாம்_வார்டு | 3 நவம்பர் 2021

வணக்கம். சிங்கப்பூரில் சுகாதாரத் துறை ஊழியர் சங்கத்தில் கிளைப் பொறுப்பில் இருக்கிறேன். எந்த மருத்துவமனை என்று கேட்க வேண்டாம். போன வாரம் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசினோம். சங்கத்தின் ஆங்கில மின்னஞ்சலை நம்மவர்கள் பலர் திறப்பதே இல்லை, அதனால் நடந்ததை இங்கே தமிழில் போடுகிறேன்.

பாதுகாப்பு விஷயங்கள் பத்து நிமிடத்தில் முடிந்தன. என்95, அங்கி, கையுறை எதற்கும் குறைவில்லை. குத்தகை நிறுவனத் துப்புரவாளர்களுக்கும் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் ஊழியர்களுக்கும் என்95 சரியாகப் பொருந்துகிறதா என்ற சோதனை ஒழுங்காக நடக்கவில்லை என்றோம், உடனே ஒத்துக்கொண்டார்கள். சாப்பிட இன்னொரு அறை கேட்டோம். கிடைத்துவிட்டது.

அப்புறம் ஆள் விஷயத்துக்கு வந்தோம். கொரோனா தொற்று வார்டாக மாற்றிய இடத்தில் பழைய எண்ணிக்கையிலேயே தாதியர் இருக்கிறார்கள். இருப்பவர்களிலும் சிலர் வீட்டில் தனிமையில் இருக்கிறார்கள். விடுப்பு கேட்டால் "அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோங்கள்" என்கிறார்கள். இதற்கு வந்த பதில்: "கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம்." அவ்வளவுதான்.

முந்தாநாள் நாடாளுமன்றத்தில் சுகாதார மூத்த துணையமைச்சர் ஜனில் புதுச்சேரி சொன்ன எண்களைப் பார்த்தீர்களா? இந்த ஆண்டின் முதல் பாதியில் மட்டும் சுமார் 1,500 சுகாதார ஊழியர்கள் வேலையை விட்டிருக்கிறார்கள். கிருமிப்பரவலுக்கு முன்பு ஆண்டு முழுவதற்குமே ஏறத்தாழ 2,000 பேர்தான். சேர்ந்துகிடக்கும் விடுப்பை இந்த ஆண்டுக்குள் எடுத்து முடிக்க முடியாதவர்கள் 90 விழுக்காட்டுக்கும் மேல். எங்கள் வார்டில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் எண்ணாக அவையில் பதிவானது நல்லது, அடுத்த கூட்டத்தில் மேசைமேல் வைக்கலாம்.

உங்கள் வேலையிடத்தில் சங்கம் என்ன சொல்கிறது? மற்ற துறைக்காரர்களும் எழுதுங்கள்.

கேட்_காவல் | 3 நவம்பர் 2021

அக்கா, பாதுகாவல் வேலையில் 12 மணி நேர ஷிப்ட். மாதம் 72 மணிக்கு மேல் ஓடி (கூடுதல் நேர வேலை) பார்க்கக் கூடாது என்பது சட்டம். முன்பெல்லாம் நிறுவனங்கள் விலக்கு வாங்கி அதைத் தாண்டுவார்கள். இந்த ஆண்டு ஜனவரியிலிருந்து எங்கள் துறைக்கு அந்த விலக்கு கிடையாது. சங்கம் ரொம்ப நாள் கேட்டு வந்த விஷயம் இது, நல்லதுதான்.

ஆனால் மாற்றாள் வரவில்லையே! கூட வேலை பார்ப்பவருக்கு ஏஆர்டி சுயபரிசோதனையில் இரண்டு கோடு வந்தால் (தொற்று உண்டு என்று அர்த்தம்) அவர் வீட்டில் இருப்பார். அவர் இடத்தில் யார் நிற்பது? தாளில் ஒரு ரோஸ்டர், வாசலில் ஒரு ரோஸ்டர். இதோடு உள்ளே வருகிறவர்கள் சேஃப்என்ட்ரி வருகைப்பதிவு செய்கிறார்களா என்று பார்ப்பது, தடுப்பூசி நிலையைச் சரிபார்ப்பது, முகக்கவசத்தை ஏற்றிப் போடச் சொல்லித் திட்டு வாங்குவது எல்லாம் எங்கள் தலையில். முன்பு இரண்டு பேர் பார்த்த வாசலில் இப்போது வேலை இரட்டிப்பு, ஆள் ஒருவர்.

சும்மா_கேட்கிறேன் | 3 நவம்பர் 2021

எல்லாம் சரி, சங்கம் என்ன கிழித்தது? மாதாமாதம் சந்தா பிடிக்கிறார்கள். போன ஆண்டு சங்கங்களின் தலைமை அமைப்பான என்டியுசியின் பராமரிப்பு நிதி என்று அதிகபட்சம் 300 வெள்ளி (டாலர்), அதுவும் ஒரே முறை. மற்ற நாடுகளில் தாதியர் தெருவில் இறங்குகிறார்கள். இங்கே "கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம்" என்றதும் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம்.

ரெட்டைமாடி | 4 நவம்பர் 2021

எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்து. பேருந்தில் இன்றைக்கும் டியூட்டிதான்.

ஆகஸ்ட், செப்டம்பரில் எத்தனை பேருந்து முனையங்களில் தொற்றுக் குழுமம் வந்தது, நினைவிருக்கும். ஓட்டுநர்கள் படுத்தார்கள், பேருந்து வரும் இடைவெளி கூடியது, பயணிகள் எங்களிடம்தான் கத்தினார்கள். என்னைக் கேட்டால் ஆபத்து வண்டிக்குள் அவ்வளவு இல்லை. வண்டியில் எல்லாரும் முகக்கவசம் போட்டிருப்பார்கள், யாரும் பேசுவதில்லை. முனையத்துக்கு வந்து, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, ஒரே மேசையில் கோப்பி குடிக்கிறோமே, அங்கேதான் ஒட்டுகிறது. ஓய்வறை நெரிசலைச் சங்கத்திடம் சொன்னோம், நேரத்தைப் பிரித்துவிட்டார்கள், நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள். நாற்காலியை எடுத்தது பாதுகாப்பு என்றால் கால் கடுக்க நிற்கிறவனுக்கு அது என்ன என்று கேட்டேன். பதில் இல்லை.

ஆனால் தம்பி @சும்மா_கேட்கிறேன், சங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தனிமைப்படுத்தும் உத்தரவு வந்த நாட்களைச் சம்பளமில்லா விடுப்பில் போட்டிருந்தார்கள், எங்கள் ஆள் ஒருவருக்கு. அது மருத்துவமனை விடுப்புக் கணக்கில் சம்பளத்தோடு வர வேண்டியது. சங்கம்தான் பேசி மாற்றிக் கொடுத்தது.

சும்மா_கேட்கிறேன் | 4 நவம்பர் 2021

அது சட்டத்திலேயே இருக்கிறது அண்ணே. சட்டத்தில் இருப்பதை வாங்கித் தரச் சங்கம் எதற்கு? இல்லாததை வாங்கித் தரட்டும்.

ஜொகூர்_பொண்ணு | 4 நவம்பர் 2021

நானும் தாதிதான், மலேசியாக்காரி. 2020 மார்ச்சில் அங்கே நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து பாலம் தாண்டி வீட்டுக்குப் போவது பெரும்பாடு. அம்மா அந்தப் பக்கம் ஜொகூரில், இந்தப் பக்கம் உட்லண்ட்ஸிலிருந்து பார்த்தால் கட்டடம் தெரிகிறது.

நாடாளுமன்றத்தில் துணையமைச்சர் சொன்ன அதே பதிலில் இன்னொரு எண்ணும் இருந்தது. வெளிநாட்டு மருத்துவர், தாதியரில் ஏறத்தாழ 500 பேர் ஆறே மாதத்தில் விலகிவிட்டார்கள். போன ஆண்டு முழுவதும் சேர்த்தே சுமார் 500தான். சம்பளம் பற்றாமல் போனார்கள் என்று நினைக்காதீர்கள். அடிப்படைச் சம்பளம் 5 முதல் 14 விழுக்காடு வரை ஏறும் என்று ஜூலையில் அறிவித்துவிட்டார்களே. போனவர்களைக் கேளுங்கள், "பிள்ளையைப் பார்க்க வேண்டும்" என்பார்கள். விடுப்பு கிடைக்காதது ஒன்று, கிடைத்தாலும் போய் வர வழியில்லாதது இன்னொன்று.

வார்டுகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் செப்டம்பரில் சராசரியாக மாதம் 160 முதல் 175 மணி நேரம் வேலை பார்த்தோமாம். வெளியாள் பார்த்தால் வழக்கமான வேலை நேரம்தானே என்பார். வாரம் 44 மணி என்றால் அதைவிட அதிகம் வரும்! மணிக்கணக்கில் எங்கள் சுமை தெரியாது. அங்கியும் என்95உம் போட்டால் கழிப்பறைக்குப் போவதைக்கூட யோசித்துத்தான் போக வேண்டும். ஒரு தாதிக்கு, முன்பு இருந்ததைவிட எத்தனை நோயாளி கூடுதல் என்பதுதான் கேள்வி. அதைச் சொல்லும் எண்ணை யாரும் வெளியிடுவதில்லை.

பழைய_சங்கத்தான் | 5 நவம்பர் 2021

கப்பல் பட்டறையில் வேலை பார்த்து, சங்கத்திலும் இருந்து, ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சிகளும் தம்பிகளும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதுகாப்பு பத்து நிமிடத்தில் முடிந்ததும், ஆள் விஷயம் முட்டிக்கொண்டு நின்றதும் தற்செயல் இல்லை. 1968இல் தொழிலுறவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். பிரிட்டிஷ் படை வெளியேறப் போகிறது, முதலீடு வர வேண்டும் என்ற பயம் இருந்த நேரம். வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு, இடமாற்றம், பணிநீக்கம், ஆட்குறைப்பு, யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பது ஆகியவை கூட்டு ஒப்பந்தப் பேரத்துக்குள் வராது, நிர்வாகத்தின் உரிமை என்று அப்போது எழுதிவிட்டார்கள். இன்றைக்கும் அதுதான். ஆகவே "வார்டுக்கு இன்னும் நான்கு பேர் போடு" என்று சங்கம் கேட்கலாம், கெஞ்சலாம், முத்தரப்பு (அரசு, முதலாளி, சங்கம்) உறவு என்று நயமாகப் பேசலாம். பேரத்துக்குரிய விஷயமாகச் சட்டப்படி நிறுத்த முடியாது. நடுவர் மன்றத்துக்கும் கொண்டுபோக முடியாது.

வேலைநிறுத்தம் பற்றித் தம்பி கேட்டார். அத்தியாவசியச் சேவை என்றால் 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். தண்ணீர், எரிவாயு, மின்சாரம் என்றால் வேலைநிறுத்தமே கூடாது. 2012இல் சீன நாட்டுப் பேருந்து ஓட்டுநர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றார்கள். 5 பேருக்குச் சிறை, 29 பேரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முன்பு சட்டப்படி நடந்த கடைசி வேலைநிறுத்தம் 1986இல். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் சங்கத்தைத் திட்ட வேண்டும். திட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது நான் சொல்ல வந்தது. பாதுகாப்பு அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் வந்தது, 2011 செப்டம்பரிலிருந்து எல்லா வேலையிடத்துக்கும் பொருந்தும். அதன் கீழே அபாய நிர்வாக விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வேலைக்கும் அபாய மதிப்பீடு எழுதி வைக்க வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது திருப்பிப் பார்க்க வேண்டும். விபத்து நடந்தாலோ வேலை முறை பெரிதாக மாறினாலோ அந்த மூன்று ஆண்டு வரை காத்திருக்கக் கூடாது, உடனே பார்க்க வேண்டும்.

சாதாரண வார்டைத் தொற்று வார்டாக மாற்றினார்களே, அது பெரிய மாற்றமா இல்லையா? மதிப்பீட்டைத் திருப்பி எழுதினார்களா? எழுதியதில் களைப்பு ஓர் அபாயமாக இருக்கிறதா? இத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்து எழுதியதா, இப்போது இருப்பவர்களை வைத்து எழுதியதா? "ஆள் போடு" என்று கேட்காதீர்கள். "மதிப்பீட்டைக் காட்டு" என்று கேளுங்கள். ஆள் குறைவால் அபாயம் கூடுகிறது என்று அவர்களே எழுதிவிட்டால், அதைக் குறைக்கும் கடமையும் அவர்கள் தலையில்தான் விழும்.

மூன்றாம்_வார்டு | 5 நவம்பர் 2021

ஐயா, நான் மீனாட்சி இல்லை, ஆனால் பரவாயில்லை 😄

எங்கள் வார்டின் மதிப்பீட்டை நான் பார்த்ததே இல்லை. ஊசி குத்துவது, நோயாளியைத் தூக்கும்போது முதுகு பிடிப்பது, வழுக்கி விழுவது இதெல்லாம் அதில் இருக்கும் என்று தெரியும். கேட்டுப் பார்க்கிறேன்.

சும்மா_கேட்கிறேன் | 5 நவம்பர் 2021

காகிதம் கேட்டால் காகிதம் வரும். "களைப்பு: தண்ணீர் குடிக்கவும், ஓய்வெடுக்கவும்" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். ஐயா கப்பல் பட்டறையில் பார்க்காததா?

பழைய_சங்கத்தான் | 6 நவம்பர் 2021

பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்த வரியில் பொறுப்பாளர் யார், எந்தத் தேதிக்குள் என்பதையும் கேட்கச் சொல்வேன். நாளைக்கு ஏதாவது நடந்து மனிதவள அமைச்சின் அதிகாரி வந்தால் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். கையெழுத்துப் போட்டவருக்கு அது தெரியும். வெறும் வரி என்று அவர் நினைக்க மாட்டார்.

இன்னொன்று: பாதுகாப்புக் குறைபாட்டை நல்லெண்ணத்தோடு அமைச்சிடம் சொன்னதற்காக ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ மிரட்டவோ கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. சம்பளம், ரோஸ்டர் பற்றிப் புகார் சொல்கிறவருக்கு இவ்வளவு நேரடியான காப்பு கிடையாது.

துவாஸ்_தம்பி | 7 நவம்பர் 2021

அண்ணன்மார் அக்காமார் எல்லாம் சங்கம் சங்கம் என்கிறீர்கள். நான் ஒர்க் பெர்மிட்டில் கட்டுமான வேலை பார்க்கிறவன், வெளிநாட்டு ஊழியர் விடுதியில் இருக்கிறேன். எங்களுக்கு யார் சங்கம்?

போன ஆண்டு ஏப்ரலில் விடுதிகளைப் பூட்டினார்கள். டிசம்பரில் வந்த கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஓர் அறையில் அத்தனை கட்டில் போட்டுவிட்டு ஒரு மீட்டர் இடைவெளி என்றால் எப்படி? இந்த செப்டம்பரில்தான் வாரம் 500 பேர் லிட்டில் இந்தியாவுக்குப் போய் வரலாம் என்று சோதனை முறையில் விட்டார்கள். லாட்டரிதான்.

சைட்டில் ஆள் குறைவு எங்களுக்கும் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் இந்தியாவிலிருந்து வருவதை நிறுத்தினார்கள், அப்புறம் பங்களாதேஷ். போன மாதக் கடைசியில்தான் திறந்திருக்கிறார்கள். ஊருக்குப் போனவன் திரும்பவில்லை, அவன் வேலையும் என்மேல். கம்பி கட்டுகிறவனை லிஃப்டிங் பார்க்க அனுப்புகிறார்கள். சிக்னல் கொடுக்கப் பயிற்சி எடுக்காதவன் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிறான். கொரோனாவைவிட எனக்கு அந்தக் கிரேன்தான் பயம்.

பழைய_சங்கத்தான் | 7 நவம்பர் 2021

தம்பி, முதலில் இது. பயிற்சி இல்லாத வேலையைச் செய்யச் சொன்னால் "எனக்கு இதில் பாஸ் இல்லை" என்று சொல்லுங்கள், சைட்டின் பாதுகாப்பு அதிகாரியிடமும் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் படம் எடுத்து, ஸ்னாப்சேஃப் என்ற இணையப் புகார் வசதி வழியாக மனிதவள அமைச்சுக்கு அனுப்பலாம். இதைக் கிருமிப்பரவல் முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள். வேலை மறுபடி வேகமெடுக்கும் நேரத்தில்தான் விபத்து கூடும். இழந்த மாதங்களை எல்லாரும் சேர்த்துப் பிடிக்கப் பார்ப்பார்கள்.

சங்கம் உண்டு. ஒர்க் பெர்மிட்காரரும் சேரலாம், கட்டுமானத் துறைக்கெனச் சங்கம் இருக்கிறது. என்டியுசியும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து நடத்தும் வெளிநாட்டு ஊழியர் நிலையம் 2009 முதல் இருக்கிறது. சம்பளம், காயம் என்றால் அங்கே போகலாம். ஆனால் உங்கள் சைட்டில் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசச் சங்கக் கிளை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பெரும்பாலும் இருக்காது.

ரெட்டைமாடி | 8 நவம்பர் 2021

துவாஸ் தம்பி, வேலையில் அடிபட்டால் ஊழியர் காயம் இழப்பீட்டுச் சட்டம் ஒர்க் பெர்மிட்காரருக்கும் பொருந்தும், யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஓராண்டுக்குள் கோரிக்கை போட வேண்டும். வேலை காரணமாகத்தான் தொற்று வந்தது என்றால் அதற்கும் கேட்கலாம். வேலையில்தான் வந்தது என்று காட்டுவதுதான் கஷ்டம். தொற்று வார்டுத் தாதிக்கு அது சுலபம், எனக்குக் கடினம். வீட்டுப் பணிப்பெண்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள், அவர்களுக்குத் தனிக் காப்புறுதி.

கேட்_காவல் | 9 நவம்பர் 2021

ஒரு சந்தேகம். எங்கள் இடத்தில் ஓர் அங்கிள், 68 வயது, தடுப்பூசி போடவில்லை. பிடிவாதம். ஜனவரியிலிருந்து போடாதவர் வேலையிடத்துக்கு வர முடியாது என்கிறார்களே, சங்கம் இதற்கு என்ன சொல்கிறது?

மூன்றாம்_வார்டு | 9 நவம்பர் 2021

அக்டோபர் 23ஆம் தேதி வெளியான முத்தரப்பு அறிவுரையில் சங்கமும் ஒரு தரப்பு. வீட்டிலிருந்து பார்க்கக்கூடிய வேலைக்கு மாற்றலாம், சம்பளமில்லா விடுப்பில் விடலாம், கடைசி வழியாக வேலையை முடிக்கலாம். அப்படி முடித்தால் அது தவறான பணிநீக்கமாக எடுத்துக்கொள்ளப்படாது. பாதுகாவலர் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாதே. மருத்துவக் காரணத்தால் போட முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு. அங்கிளை முதலில் பாலிகிளினிக்கில் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், வாதம் பண்ணாமல்.

என் சொந்தக் கருத்து: தடுப்பூசி வேண்டும். ஆனால் ஆள் இல்லை என்று கத்துகிற நேரத்தில் இருக்கிற வயதானவரையும் வீட்டுக்கு அனுப்பும் முடிவில் சங்கம் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கலாம்.

ஜொகூர்_பொண்ணு | 10 நவம்பர் 2021

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன் அக்கா. ஆக்சிஜனில் படுத்திருக்கும் தாத்தா பாட்டிகளை நானும் நீங்களும்தானே பார்க்கிறோம். அவகாசம் கொடுத்தது போதும்.

பொறுப்பாளர் | 10 நவம்பர் 2021

தடுப்பூசி வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. அதைப் பற்றி வந்த பதிவுகளை அங்கே மாற்றிவிட்டேன். முதலாளி பெயர், மேலாளர் பெயர் போட்ட இரண்டு பதிவுகளையும் எடுத்துவிட்டேன். பெயர் வேண்டாம்.

மூன்றாம்_வார்டு | 2 டிசம்பர் 2021

தகவல். மதிப்பீட்டைக் கேட்டோம். முதலில் "அது உள் ஆவணம்" என்றார்கள். அபாயம் என்ன என்று ஊழியருக்குத் தெரிவிப்பது விதியிலேயே இருக்கிறது என்று எங்கள் கிளைத் தலைவர் சொன்னதும் காட்டினார்கள். வார்டு மாறுவதற்கு முன்பு எழுதியது! தொற்று பற்றி ஒரு பின்னிணைப்பு மட்டும் ஒட்டியிருந்தது. அங்கியோடு எத்தனை மணி நேரம் தொடர்ந்து நிற்கலாம், இரவு ஷிப்டில் ஒருவர் குறைந்தால் யார் வருவார் என்பதெல்லாம் காலி.

திருப்பி எழுதச் சம்மதித்துவிட்டார்கள், எங்களில் இருவர் கூட உட்காரப் போகிறோம். கூட்டக் குறிப்பில் இந்த முறை "கவனத்தில் எடுத்துக்கொள்கிறோம்" என்ற வாக்கியம் இல்லை, தேதி இருக்கிறது.

ஜொகூர்_பொண்ணு | 2 டிசம்பர் 2021

நல்ல செய்தி அக்கா. என் செய்தி: நவம்பர் 29 முதல் மலேசியாவுக்குத் தரைவழிப் பயணத் தடம் திறந்தாயிற்று. டிக்கெட் போட்டிருக்கிறேன், ஜனவரிக்கு. மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சும்மா_கேட்கிறேன் | 8 ஜனவரி 2022

பொதுச் சுகாதார ஊழியர்களுக்கு 4,000 வெள்ளி வரை விருதுத் தொகை என்று நேற்று அறிவிப்பு வந்திருக்கிறது. வாழ்த்துகள். காவல் வாசலுக்கும் பேருந்துக்கும் ஏதாவது உண்டா? கேட்டு வைக்கிறேன், பதில் தெரியும்.

கேட்_காவல் | 8 ஜனவரி 2022

அங்கிள் ஊசி போட்டுக்கொண்டார். பேத்தி பேசித்தான் கேட்டார், நாங்கள் பேசி இல்லை.

ஊசி போடாதவர்களுக்கு இருந்த பரிசோதனைச் சலுகையையும் அரசு டிசம்பர் கடைசியில் எடுத்துவிட்டது, இந்த 15ஆம் தேதியிலிருந்து நெகட்டிவ் காட்டியும் உள்ளே வர முடியாது. பக்கத்துக் கட்டடத்தில் இருவர் நின்றுவிட்டார்கள். மாற்றாள் இன்னும் வரவில்லை. சங்கத்தில் சேர்ந்திருக்கிறேன், எங்கள் இடத்து மதிப்பீட்டையும் கேட்கப் போகிறேன். எப்படிக் கேட்பது, யாருக்கு எழுதுவது?

மூன்றாம்_வார்டு | 9 ஜனவரி 2022

@ஜொகூர்_பொண்ணு, புதிய டிக்கெட் விற்பனையை ஓமிக்ரானுக்காக நிறுத்தினார்களே, உன் டிக்கெட் தப்பித்ததா?

எங்கள் புதிய மதிப்பீடு கையெழுத்தாகிவிட்டது. அங்கியில் தொடர்ந்து நிற்கும் நேரத்துக்கு வரம்பு, இரவு ஷிப்டுக்கு அழைப்பில் இருக்கும் ஒருவர். நான்கு பேர் கேட்டோம், ஒருவர் கிடைத்தார், அதுவும் இன்னொரு வார்டிலிருந்து. அந்த வார்டுக்காரர்கள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அவர்கள் வார்டு மதிப்பீட்டை அடுத்து எடுக்கிறோம்.

@கேட்_காவல் தம்பி, உங்கள் நிறுவனத்துக்கும் கட்டட நிர்வாகத்துக்கும் இரண்டு இடத்துக்கும் எழுதுங்கள், ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். கடைசி மூன்று மாத ரோஸ்டர் நகலை இணையுங்கள், மற்றவர்கள் பெயரை மறைத்துவிட்டு. தாளில் இருந்த ரோஸ்டர் ஒரு பத்தி, உண்மையில் நின்றவர்கள் ஒரு பத்தி. நான் எழுதிய கடிதத்தின் மாதிரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

துவாஸ்_தம்பி | 9 ஜனவரி 2022

அக்கா எனக்கும் அனுப்புங்கள்.